லிவர் மாத்தறதுக்கு முன்னாடி நடக்கற டெஸ்ட்டுக்கு சீக்கிரமா அனுப்புங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

உடல் உறுப்பு தானம் பத்தி உங்க பேப்பர்ல அடிக்கடி செய்தி வருது, 2023லேர்ந்து தானம் பண்ணவங்க உடலுக்கு அரசு மரியாதை நடக்கறதையும் போடறீங்க, படிக்கறப்ப மனசு நெறஞ்சு போகுது. ஆனா அந்த லிவர வாங்கிக்கப் போறவங்கள ஆபரேஷனுக்கு முன்னாடி எப்படிப் பார்க்கறாங்க, யாருக்கு சரின்னு சொல்றாங்க, யாருக்கு வேணாம்னு சொல்றாங்கங்கறது பத்தி யாருமே எழுதறதில்ல. அது தெரியாததாலதான் முக்கால்வாசிப் பேர் ரொம்ப லேட்டா போய் நிக்கறாங்க.

எங்க அண்ணனுக்கு சிரோசிஸ், அதாவது லிவர் தழும்பு விழுந்து கெட்டியாகிப் போற நோய். குடிப்பழக்கம் கிடையாது, சுகரும் உடம்பு எடையும் சேர்ந்து ஃபேட்டி லிவர்ல ஆரம்பிச்சு அங்க கொண்டு போய் விட்டுடுச்சு. ஊர்ல பார்த்த டாக்டர் வயித்துல தண்ணி சேரச் சேர எடுத்து விட்டுட்டே இருந்தாரு, மாத்திரைய மாத்தி மாத்தி எழுதுனாரு, லிவர் மாத்தறத பத்தி பல மாசம் ஒரு வார்த்தை பேசல. ஒருநாள் ராத்திரி ரத்த வாந்தி எடுத்து பெரிய ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு ஓடினப்பதான் அங்க இருந்த டாக்டரம்மா கேட்டாங்க, "இவர ஏன் இன்னும் எவால்யுவேஷனுக்கு அனுப்பல?" லிவர் மாத்தலாமா வேணாமான்னு முன்கூட்டியே பார்க்கற டெஸ்ட்டுங்கதான் அது.

அதத்தான் நான் எல்லாருக்கும் சொல்லணும்னு நெனைக்கறேன். வயித்துல தண்ணி கோத்துக்கறது, ரத்த வாந்தி, ஆள் தெரியாம உளர்றது, இதுல ஏதாவது ஒண்ணு முதல் தடவை வந்தாலே போதும், டிரான்ஸ்பிளான்ட் பண்ற எடத்துக்கு ஒரு தடவை காட்டிடணும். இல்லேன்னா லிவர் எவ்வளவு கெட்டிருக்குன்னு காட்டற மெல்ட் ஸ்கோர் 15ஐ தொட்டுடுச்சுன்னா காட்டணும். பிலிருபின், ஐஎன்ஆர், கிரியாட்டினின், சோடியம்னு சாதாரண ரத்த டெஸ்ட்லயே போடற கணக்குதான் அது, 6லேர்ந்து 40 வரைக்கும் போகும், ஏற ஏற ஆபத்து. அமெரிக்காவுல 2002லேர்ந்து யாருக்கு முதல்ல லிவர் குடுக்கறதுன்னு இத வெச்சுதான் பார்க்கறாங்க. பொம்பளைங்களுக்கு தசை கம்மி, அதனால கிரியாட்டினின் கம்மியா காட்டும், நோய் முத்தியிருந்தாலும் நம்பர் சின்னதா வரும், வரிசையில பின்னாடி போயிடுவாங்க. அதுக்காக 2023ல அந்தக் கணக்கையே அங்க திருத்தினாங்க. நம்பர் கம்மியா இருக்குன்னு சொல்லி வீட்ல உக்கார வெச்சிருக்கற எல்லா பொம்பளைங்களுக்காகவும்தான் இத எழுதறேன்.

எவால்யுவேஷன்னா உடனே ஆபரேஷன்னு அர்த்தம் இல்ல. பார்த்துட்டு "இப்போதைக்கு வேணாம், மூணு மாசம் கழிச்சு வாங்க"ன்னும் சொல்லுவாங்க. ஆனா அட்மிட் பண்ணி தலையிலேர்ந்து கால் வரைக்கும் பார்க்கறப்ப சொந்தக்காரங்க எல்லாம் காசு புடுங்கறாங்கன்னு பேச ஆரம்பிச்சுடறாங்க, லிவருக்கு வந்தா பல்லு டாக்டர் எதுக்கு, நெஞ்சு எக்ஸ்ரே எதுக்குன்னு. புது லிவர உடம்பு ஒதுக்காம இருக்க ஆயுசுக்கும் எதிர்ப்பு சக்திய அடக்கற மாத்திரை போடணும், அப்ப சொத்தைப் பல்லுல இருக்கற சீழும், எப்பவோ வந்து அடங்கிக் கெடக்கற டிபியும் எழுந்து உக்காந்துக்கும், அதனாலதான் முன்னாடியே தேடறாங்க. தடுப்பூசியும் இப்பவே போட்டுடறாங்க, சில ஊசிய ஆபரேஷனுக்கு அப்புறம் போடவே கூடாது. எக்கோன்னு ஹார்ட் ஸ்கேன் எடுக்கறது ஹார்ட்டுக்காக மட்டும் இல்ல, சிரோசிஸ் நுரையீரல் ரத்தக்குழாயையும் கெடுக்கும், அங்க பிரஷர் ரொம்ப ஏறியிருந்தா டேபிள்லயே உயிர் போயிடலாம். சிடி ஸ்கேன்ல லிவர்ல புற்றுநோய் கட்டி இருக்கான்னு பார்க்கறாங்க, இருந்தா லிவர் மாத்தறதுக்கு ஒரு அளவு வெச்சிருக்காங்க, ஒரே கட்டின்னா 5 செமீக்குள்ள, மூணு வரைக்கும் இருந்தா ஒவ்வொண்ணும் 3 செமீக்குள்ள, ரத்தக்குழாய்க்குள்ள பரவாம இருக்கணும், இது 1996ல இத்தாலி மிலன்லேர்ந்து வந்த அளவு. இன்னிக்கு உள்ள அடங்கற கட்டி ஆறு மாசம் தள்ளிப் போட்டா அளவத் தாண்டிடும்.

இன்னொண்ணு தசை, உடம்புல எவ்வளவு பலம் இருக்குங்கறது. நடக்க விட்டுப் பார்ப்பாங்க, கைய இறுக்கிப் புடிக்கச் சொல்லுவாங்க. நம்ம ஊர்ல லிவர் கெட்டுப் போச்சுன்னு சொன்ன உடனே முட்டை, பருப்பு, மீன் எல்லாத்தையும் நிறுத்திட்டு வெறும் கஞ்சிய குடுக்கறாங்க. ஆள் உருகிப் போறாரு. எங்க அண்ணனுக்கு டயட்டீஷியன் சொன்னது நேர் எதிரா இருந்துச்சு: உப்ப கொறைங்க, புரோட்டீன கொறைக்காதீங்க, ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடியும் ஏதாவது சாப்பிடக் குடுங்க, ராத்திரி பூரா வெறும் வயிறா இருந்தா உடம்பு தசையத்தான் கரைச்சு எடுத்துக்கும். இத முதல் நாளே யாராவது சொல்லியிருந்தா அவரு அவ்வளவு ஒடுங்கிப் போயிருக்க மாட்டாரு.

மனநல டாக்டர்கிட்ட மறைக்காதீங்க. குடிச்சு லிவர் போனவங்களுக்கு ஆறு மாசம் நிறுத்தியிருக்கணும்னு நெறைய எடத்துல கேட்கறாங்க, அது சட்டம் இல்ல, நிறுத்தினா லிவர் தானா தேறுதான்னு பார்க்கறதுக்கும் அந்த டைம் உதவுது, கூட இருந்து பார்த்துக்க ஆள் இருக்கான்னும் பார்க்கறாங்க. லேகியம், சூரணம், கீழாநெல்லின்னு எது சாப்பிட்டிருந்தாலும் அதையும் சொல்லிடுங்க.

டோனர் விஷயம்தான் எனக்கு ரொம்ப வலிக்குது. உயிரோட இருக்கறவங்க குடுக்கறதுன்னா ரத்த குரூப் ஒத்துக்கணும், குடுக்கற பாகம் வாங்கறவர் எடையில 0.8 சதவீதமாவது இருக்கணும், 70 கிலோ ஆளுன்னா 560 கிராம், குடுக்கறவங்ககிட்ட மிச்சம் 30 சதவீதமாவது நிக்கணும். இதெல்லாம் ஸ்கேன் சொல்லிடும். ஆனா மனசார குடுக்கறாங்களான்னு எந்த ஸ்கேனும் சொல்லாது. நம்ம நாட்டுல உயிரோட உறுப்பு குடுக்கறவங்கள்ல பெரும்பாலும் பொம்பளைங்கதான். "நீ குடுக்கலேன்னா உன் புருஷன நீயே கொன்ன மாதிரி"ன்னு மாமியார் வீட்ல சொன்னத எங்க வார்டுலயே நான் காதால கேட்டேன். பொம்பளை டோனர்னா அவங்க சம்மதத்த நோயாளி இல்லாத வேற ஒருத்தர் தனியா உறுதி பண்ணணும்னு நம்ம நாட்டு உறுப்பு மாற்று சட்டத்தோட 2014 விதியிலயே இருக்கு. அது கையெழுத்தோட முடியக் கூடாது, வீட்டு ஆளுங்க யாரும் இல்லாத ரூம்ல உக்கார வெச்சுக் கேட்கணும், வேணாம்னு சொன்னா "லிவர் பொருந்தல"ன்னு மட்டும் வீட்டுக்குச் சொல்லி அவங்கள காப்பாத்தணும். நல்ல டீம் இத செய்யறாங்க, எல்லாரும் செய்யணும்.

அண்ணன் இப்ப வெயிட்டிங் லிஸ்ட்ல இருக்காரு. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல லிவர் மாற்று ஆபரேஷன் இருக்குன்னும், சென்னை ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில இது நடக்குதுன்னும் எங்க பக்கத்து கிராமத்துல பாதிப் பேருக்குத் தெரியாது, வீட்ட வித்தாத்தான் முடியும்னு நெனச்சு முதல் டெஸ்ட்டுக்கே போக மாட்டேங்கறாங்க. அதனால ஆசிரியர் ஐயா, எந்தெந்த அரசு ஆஸ்பத்திரியில லிவர் ஓபி எந்தக் கிழமை, என்னென்ன பேப்பர் கொண்டு போகணும், யாரப் பார்க்கணும்னு கேட்டு வாங்கி ஒரு கால் பக்கத்துல போடுங்க, மாவட்டப் பதிப்பு எல்லாத்துலயும் வர்ற மாதிரி.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருவண்ணாமலை மாவட்டம்