செயலாளரின் ஆண்டறிக்கை: சைக்கிள் பந்தயம் எடுத்த ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவை உறுப்பினர்களே, சங்கத்து நண்பர்களே, வணக்கம்.

கடந்த பொதுக்கூட்டத்தில் மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து, “தைப்பூசம், தீமிதி, தேக்காவில் தீபாவளி விளக்கு. வருஷா வருஷம் இதையேதானே படம் எடுக்கிறோம்?” என்று கேட்டது நினைவிருக்கும். அதில் பிறந்ததுதான் சைக்கிள் பந்தயத் திட்டம். மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் சமூக மன்றத்தில் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். நான் நேராகப் பந்தயத்துக்கு வந்துவிடுகிறேன்.

நம் சிங்கப்பூரில் சூரியன் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஏழு மணிக்குத்தான் எழுகிறது. வெயில் ஏறுமுன் முடிக்க வேண்டுமென்று பல பந்தயங்களுக்கு இருட்டிலேயே கொடியசைத்துவிடுகிறார்கள். முதல் தடவை சாங்கி கடலோரச் சாலைப் பக்கம் போனபோது, ஏசி காரிலிருந்து கேமராவை வெளியே எடுத்ததும் லென்ஸ் முழுக்க ஆவி படிந்தது. துடைக்கத் துடைக்கப் படிந்தது. முன்னணிக் கூட்டம் எங்களைத் தாண்டிப் போகும்போது எல்லார் கையிலும் கைக்குட்டை. இப்போது கேமராவை ஜிப் பையில் போட்டு மூடிக்கொண்டு அரைமணி நேரம் முன்பே இறங்கிவிடுகிறோம்; வெளிச்சூட்டுக்குப் பழகிய பிறகே பையைத் திறக்கிறோம்.

அங்கே ட்ரோன் விடலாமா என்று இரண்டு முறை கேட்ட தம்பிக்கு: பக்கத்தில் இருப்பது விமான நிலையம். 5 கிலோமீட்டருக்குள் அனுமதியில்லாமல் பறக்கவிட முடியாது. மூன்றாவது முறை கேட்க வேண்டாம்.

அடுத்து எங்களைப் படுத்தியது விளக்கு. சில எல்இடி விளக்குகள், நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 அலை, ஓர் அலைக்கு இரண்டு மினுக்கல் என்பதால், நொடிக்கு 100 முறை மினுக்குகின்றன. கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். 1/1000 நொடியில் தொடர்ந்து எடுத்தால் ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது மங்கலாகவும் வரும். சிலவற்றில் குறுக்கே பட்டைகூட விழுந்தது. கணினியில் சரிசெய்துகொள்ளலாம் என்று சொன்னவர்கள் பிறகு படத்துக்கு ஒரு இரவைச் செலவழித்தார்கள்.

விடை ஷட்டரின், அதாவது கேமராவில் ஒளியைத் திறந்து மூடும் திரையின், வேகத்தைக் குறைப்பதில் இருந்தது. மணிக்கு 40 கிலோமீட்டரில் வரும் சைக்கிள் ஒரு நொடியில் 11 மீட்டர் போகிறது. 1/1000ல் அது ஒரு சென்டிமீட்டர் சொச்சம்தான் நகரும், உறைந்து நிற்கும். 1/50ல் 22 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். ஆனால் கேமராவையும் அதே வேகத்தில் சைக்கிளோடு திருப்பிக்கொண்டே அழுத்தினால் ஓட்டி தெளிவாக நிற்பார், பின்னால் உள்ள மரமும் தடுப்பும் கோடுகளாக ஓடும். அந்த 1/50 நொடிக்குள் விளக்கின் இரண்டு முழு மினுக்கல்களும் அடங்கிவிடுவதால் பட்டையும் போயிற்று. இடுப்பிலிருந்து திரும்ப வேண்டும், கையை மட்டும் ஆட்டினால் நடுங்கும். அழுத்திய பிறகும் திருப்புவதை நிறுத்தக்கூடாது. பத்தில் ஒன்று தேறினாலே அன்றைக்கு நல்ல நாள்.

பழக வேண்டுமானால் கிரிட்டீரியம், அதாவது சிறிய சுற்றுப்பாதையைப் பல முறை சுற்றிவரும் பந்தயம்தான் சரி. 2022 அக்டோபரில் தூர் டி பிரான்ஸ் கிரிட்டீரியம் முதன்முதலாக மரினா பே பகுதியில் நடந்தபோது சிலர் போய்ப் பார்த்திருக்கிறோம். ஒரே சுற்றுப்பாதை என்பதால் அதே வளைவுக்கு அதே ஆட்கள் திரும்பத் திரும்ப வருவார்கள். இந்தச் சுற்றில் செய்த தவற்றை அடுத்த சுற்றில் திருத்தலாம். நீண்ட சாலைப் பந்தயத்தில் அந்தச் சலுகை கிடையாது.

இனி என் குற்றத்தையும் பதிவு செய்கிறேன். சத்தம் வராதே என்று எலக்ட்ரானிக் ஷட்டரில் ஒரு காலை முழுவதும் எடுத்தேன். என் கேமரா அப்போது படத்தை வரிவரியாக, மேலிருந்து கீழாகப் படிக்கிறது. அது படித்து முடிப்பதற்குள் சக்கரம் சுற்றிவிடுகிறது. வீட்டில் திறந்து பார்த்தால் ஆரக்கம்பிகள் எல்லாம் பாயசத்துச் சேமியா மாதிரி வளைந்து கிடந்தன. எந்த மென்பொருளும் அதை நிமிர்த்தவில்லை. மெக்கானிக்கல் ஷட்டரில் அந்த வளைவு வராது. கேமராவைத் திருப்பாமல் எடுத்தால், சக்கரத்தின் மேற்பகுதி சைக்கிளைவிட இரண்டு மடங்கு வேகத்தில் போவதால் மேல்கம்பிகள் கலங்கும், தரையைத் தொடும் இடத்தில் கம்பிகள் எண்ணக்கூடியதாக இருக்கும். அந்தக் கலக்கம் அழகு. தயவுசெய்து அதைக் கூர்மையாக்க முயலாதீர்கள்.

படம் திருத்தும் பட்டறை மூன்று மாலை நடந்தது. முதல் மாலை வேண்டாத படங்களைக் கழிப்பதிலேயே போயிற்று, அதுதான் அதிகம் பயன்பட்டது என்பேன். நானூறு படத்தில் பன்னிரண்டை வைத்துக்கொள்ளச் சொன்னபோது சிலருக்கு முகம் வாடியது. பிறகு ரா கோப்பில், அதாவது கேமரா பதப்படுத்தாமல் பதிந்த மூலக்கோப்பில், ஹெல்மெட் நிழலில் மறைந்த முகங்களை மட்டும் தேர்ந்து வெளிச்சம் ஏற்றினோம், ஓட்டிக்கு முன்னால் கொஞ்சம் சாலை இருக்குமாறு வெட்டினோம். ஒருவர் நம் பையன் ஒருவனின் முகத்தை மாநிறம் போய்ச் சந்தன நிறமாகும்வரை ஏற்றிவிட்டு, “பளிச்சென்று இருக்கிறதல்லவா?” என்றார். கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம். அந்தப் பையனின் அம்மா பார்த்தால் யாரென்று கேட்பார். நிழலை நீக்குவது வேறு, ஆளின் நிறத்தை மாற்றுவது வேறு என்று செயலவை எழுத்திலேயே முடிவெடுத்திருக்கிறது.

படங்களை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் கோப்பாக அனுப்பும்படி நான்கு முறை கேட்டிருக்கிறேன். சுருங்கி வந்த படத்தைக் கண்காட்சி அளவுக்கு அச்சடிக்க முடியாது.

பட்டறைக்கு மடிக்கணினி கொண்டுவந்தவர்களுக்கும், விடிகாலையில் எங்களுக்கு உப்புமா கட்டிக்கொடுத்த வீட்டுப் பெண்களுக்கும் நன்றி. சங்கத்தின் 70-200 மிமீ லென்ஸ் வைத்திருக்கும், ஈரம் அண்டாத டிரை கேபினட் அலமாரியின் இரண்டாவது சாவி மார்கழியிலிருந்து காணவில்லை. வைத்திருப்பவர், தேநீருக்குப் போகுமுன் பொருளாளரிடம் கொடுத்துவிடவும். காரணம் கேட்க மாட்டோம்.

வணக்கம்.
செயலாளர்