கிணற்று அழுத்தத்துக்கும் ஒரு நிரை

அன்புள்ள சங்கர்,

கடிதம் கிடைத்தது. நார்வே கடலின் நார்ன் எண்ணெய் வயலின் கணினி மாதிரியைக் கையில் எடுத்திருக்கிறாய் என்பதில் நிஜமாகவே சந்தோஷம். 46×112×22 கட்டம், அதில் உயிருள்ள, அதாவது கணக்கில் சேரும், செல்கள் 44 ஆயிரம் சொச்சம். அளவில் சிறியதுதான், ஆனால் சமன்பாடுகளைத் தீர்க்கும் சால்வரை நன்றாகச் சோதிக்கும்.

சால்வருக்கு இட்டரேஷன் (திரும்பத் திரும்பக் கணக்கிடும் சுற்று) கூடிப்போகிறது என்று டாலரன்ஸை (எவ்வளவு பிழை பொறுக்கலாம் என்ற வரம்பு) திருத்திக்கொண்டிருப்பதாக எழுதியிருந்தாய். அதை விடு. முதலில் இதைச் செய்து பார்: ஒரே ஒரு டைம் ஸ்டெப்புக்கு எல்லாக் கிணறுகளையும் ரேட் கன்ட்ரோலிலிருந்து (ஓட்ட அளவை நிலையாகப் பிடிப்பது) அடித்துளை அழுத்தக் கன்ட்ரோலுக்கு (கிணற்றடி அழுத்தத்தை நிலையாகப் பிடிப்பது) மாற்று. இட்டரேஷன் சட்டென்று குறைந்தால், ப்ரீகண்டிஷனர் (சால்வர் சீக்கிரம் முடிக்க உதவும் தோராயத் தீர்வு) கண்ணில் கிணறு படவில்லை என்று வைத்துக்கொள்.

கிணற்று மாறிகளை நீக்கும்போது ரிசர்வாயர் (நிலத்தடி எண்ணெய்த் தேக்கம்) மேட்ரிக்ஸிலிருந்து ஒரு திருத்தம் கழிபடுகிறது இல்லையா? அது கிணறு தொடும் செல்களையெல்லாம் ஒன்றோடொன்று கோத்துவிடும். 100 செல்லைத் தொட்டால் மேட்ரிக்ஸில் 10,000 பிளாக். எழுதி வைக்கக் கட்டுப்படியாகாது என்று, பெருக்கும்போது மட்டும் திருத்தத்தைச் சேர்த்துக்கொண்டு ப்ரீகண்டிஷனருக்குத் திருத்தமில்லாத மேட்ரிக்ஸைக் கொடுப்பார்கள். வம்பு அங்கேதான். அந்த மேட்ரிக்ஸின் மூலைவிட்டத்தில் கிணற்றுக் குணகம் (கிணற்றுக்கும் செல்லுக்கும் இடையே ஓட்டம் எவ்வளவு எளிது என்ற எண்) தனியாக நிற்கிறது. கிணற்று அழுத்தம் அசையாது என்று சொல்வதற்கு அது சமம். ரேட் கன்ட்ரோலில் அது பொய்: சுற்றியுள்ள செல்களில் அழுத்தம் ஏறினால் கிணற்றிலும் கூடவே ஏறும். அதனால் வெகுதூரம் பரவிய அழுத்தப் பிழையை ஏஎம்ஜி (பெரிய பெரிய கட்டங்களாகத் திரட்டி அழுத்தத்தைத் தீர்க்கும் முறை) தவறாக எடைபோடுகிறது. அடுத்து வரும் ஐஎல்யு (மேட்ரிக்ஸை இரண்டு முக்கோணங்களாகத் தோராயமாகப் பிரிப்பது) பக்கத்துப் பிழைகளைத்தான் துடைக்கும், இதை அதனால் சரிசெய்ய முடியாது.

ஆகவே சிபிஆரின் (முதலில் அழுத்தம், பிறகு எல்லாம் என்று இரண்டு கட்டமாகப் போகும் ப்ரீகண்டிஷனர்) அழுத்தக் கட்டத்திலேயே கிணற்றுக்கு ஒன்றாக மாறியும் நிரையும் சேர். ரேட் கிணற்றின் நிரையில், குணகம் பெருக்கல் மொபிலிட்டி (திரவம் எவ்வளவு எளிதில் நகரும் என்ற அளவு) என்ற உறுப்புகளை எதிர்க்குறியோடு போட்டு, அவற்றின் கூட்டுத்தொகையை மூலைவிட்டத்தில் வை. ஏஎம்ஜிக்கு மிகவும் இசைவான வடிவம் அது. அழுத்தக் கிணற்றுக்கு மூலைவிட்டம் மட்டும் போதும், ஆனால் வெறும் 1 என்று விடாமல் அதே அளவுக்கு ஸ்கேல் செய். ஓபிஎம் ஃப்ளோ என்ற திறந்தமூல ரிசர்வாயர் மென்பொருளில் சிபிஆர்டபிள்யூ என்ற தேர்வு இந்த வேலையைச் செய்கிறது.

மல்டி-செக்மென்ட் கிணறு (துண்டு துண்டாகப் பிரித்துக் கணக்கிடும் கிணறு) சேர்க்கப் போகிறாயே, அங்கே நீக்க வேண்டிய பிளாக் பெரிது: செக்மென்ட்டுக்குச் செக்மென்ட் அழுத்தம், மொத்த ஓட்டம், பேஸ் (எண்ணெய், நீர், வாயு) விகிதங்கள். இட்டரேட் செய்து மிச்சம் பிடிக்கப் பார்க்காதே, நேரடி எல்யு (அதே முக்கோணப் பிரிப்பு, ஆனால் முழுதாக) போடு. கிணற்றின் நுனியிலிருந்து தலை நோக்கி எண்ணிட்டால், கிளைகள் இருந்தாலும் பூஜ்யமாக இருந்த இடத்தில் புது உறுப்பு எதுவும் முளைக்காது. வளையம் இருந்தால் முளைக்கும். ஓட்டமே இல்லாத செக்மென்ட்டில் விகிதச் சமன்பாட்டைத் தாங்குவது சேமிப்பு உறுப்பு (உள்ளே தேங்கும் அளவின் மாற்றம்) ஒன்றுதான். கொள்ளளவு சின்னது என்று அதைத் தூக்கிவிட்டால் பிளாக் சிங்குலர் ஆகிவிடும், அதைத் தீர்க்கவே முடியாது.

எம்பிஐயில் (பல ப்ராசஸ்கள் சேர்ந்து கணக்கிடும் முறை) கட்டத்தைப் பிரிக்கும்போது, முடிந்தவரை ஒரு கிணற்றின் செல்கள் ஒரே ப்ராசஸில் இருக்கட்டும்.

இரண்டு கன்ட்ரோலிலும் முதல் நியூட்டன் சுற்றில் (நேரியலல்லாத சமன்பாடுகளைப் படிப்படியாகத் தீர்க்கும் சுற்று) அழுத்தக் கட்டத்துக்குப் பின் மிஞ்சும் ரெசிடுவலை (சமன்பாட்டில் தீராத மிச்சம்) எனக்கு அனுப்பு. அது எந்தெந்தச் செல்களில் குவிகிறது என்று பார்க்க ஆவலாக இருக்கிறது.

அன்புடன்,
முரளி