ஸ்டோரேஜ் ஃபுல்

புதுக்குடியிருப்பு

அன்பின் மச்சான்,

நலம், நலமறிய ஆவல். உன்ரை வொய்ஸ் மெசேஜுகள் எல்லாம் கேட்டன். நீ இருமி இருமிக் கதைக்கிறதைக் கேட்டு மனுசி, பனங்கற்கண்டு அனுப்பச் சொல்லி நிக்கிறாள். இஞ்சை எல்லாரும் சுகம். இரணைமடுக் குளத்திலை தண்ணி நல்லா நிக்குது, சிறுபோகம் செய்யலாம் எண்டு அந்தப் பக்கத்துச் சனம் சந்தோசமா இருக்கு. எங்கடை பக்கம் வழமைபோலை கச்சானும் குரங்கும்தான். விதைக்கிறது நாங்கள், பிடுங்கிறது அவையள்.

போன் விசயத்துக்கு வாறன். உன்ரை ஐபோன் 'ஸ்டோரேஜ் ஃபுல்' எண்டு கத்துது, மகளுக்குப் பாக்க நேரமில்லை, கூகுள் போட்டோசை இறக்கி 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' எண்டதை அமத்தினால் எல்லாம் சரிவரும் எண்டு பாரிஸ் லாச்சப்பலிலை ஆரோ சொன்னவையாம். மச்சான், அமத்த முதல் கேட்டாய் பார், அது நல்ல காரியம்.

அந்தப் பட்டன் பிழையான பட்டன் இல்லை. கூகுளுக்கு ஏறி முடிஞ்ச படங்களைப் போனிலையிருந்து எடுத்துப்போட்டு இடம் விடும், அவ்வளவுதான். ஆனால் உன்ரை போனிலை ஐகிளவுட் போட்டோஸ் எண்ட ஆப்பிளின்ரை இணையப் பெட்டகமும் ஓடிக்கொண்டிருந்தால் கதை வேறை. ஐகிளவுட்டிலை போனிலை இருக்கிற படமும் அங்கை இருக்கிற படமும் ஒண்டுதான். இஞ்சை அழிச்சால் அங்கையும் அழியும், மகளின்ரை ஐபேட்டிலை உன்ரை கணக்கு இருந்தால் அதிலையும் அழியும். முப்பது நாளுக்குள்ளை பாத்தால் திருப்பி எடுக்கலாம், பிந்தினால் இல்லை. அப்ப கூகுளிலை இருக்கிற பிரதி மட்டும்தான் மிஞ்சும். அதுவும் 'ஸ்டோரேஜ் சேவர்' எண்டு போட்டு ஏத்தியிருந்தால் படத்தைக் கொஞ்சம் நெரிச்சுத்தான் வைச்சிருக்கும்.

உனக்கு நான் சொல்லுறது காசு குடுக்கிற வழி. ஆப்பிள் சும்மா தாறது 5 ஜிபி, அது ஒரு பேரப்பிள்ளையின்ரை பிறந்தநாளோடை முடிஞ்சிடும். 50 ஜிபிக்கு மாதம் 99 யூரோ சதம், பாரிசிலை ஒரு கோப்பி குடிக்கக் காணாது. அதை எடுத்துப்போட்டு, செட்டிங்சிலை போட்டோஸ் எண்ட இடத்திலை 'ஒப்டிமைஸ் ஐபோன் ஸ்டோரேஜ்' எண்டதைப் போட்டு விடு. முழுப்படம் மேலை ஐகிளவுட்டிலை இருக்கும், போனிலை சின்னப் பிரதிதான் நிக்கும், தொட்டால் இறங்கி வரும். இன்னொண்டு, நீ வீடியோவை ஃபோர்கேயிலை எடுக்கிறாய். அதிலை ஒரு நிமிசம் வழமையா 170 எம்பியளவு பிடிக்கும். 1080 இலை எடுத்தால் 60 எம்பி. கடையிலை மீன் வெட்டுறதை ஃபோர்கேயிலை எடுத்து எனக்கு ஏன் அனுப்புறாய்?

இஞ்சை எங்கடை போன் கடைக்கு வாற சனத்தின்ரை பிரச்சினை வேறை. ஐபோன் குறைவு, எல்லாம் அன்ட்ரொயிட். கூகுளிலை ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூண்டுக்கும் சேத்து 15 ஜிபி சும்மா கிடைக்கும். 2021 ஜூன் 1க்கு முதல் 'ஹை குவாலிட்டி'யிலை ஏத்தின படங்கள் கணக்கிலை வராது, அந்தத் தேதிக்குப் பிறகு ஏத்தினதெல்லாம் வரும். 2024 தொடக்கத்திலையிருந்து வட்ஸ்அப் பக்கப்பையும் (அது எடுத்து வைக்கிற பிரதி) அதுக்குள்ளையே சேத்துப் போட்டினம். அதோடை 15 ஜிபி எண்டது பேருக்குத்தான்.

அந்த வட்ஸ்அப்பாலைதான் இஞ்சை பாதி வில்லங்கம். போன கிழமை முள்ளியவளையிலையிருந்து ஒரு அம்மா வந்தவ. மூலை வெடிச்ச போன், ரப்பர் பாண்ட் போட்டுக் கட்டியிருக்கு. 'தம்பி, இது படமெடுக்குதில்லை, பேரன்ரை படம் மட்டும் போகாமல் மிச்சத்தை எல்லாம் அழிச்சுவிடு.' திறந்து பாத்தால் ரோசாப்பூவும் 'காலை வணக்க'மும் முருகனும், நாட்டு வைத்தியம் சொல்லுற வீடியோவும். வட்ஸ்அப்பிலை 'மனேஜ் ஸ்டோரேஜ்' எண்ட இடத்துக்குப் போனால் 5 எம்பிக்கு மேலானதையும் பலதரம் ஃபோர்வேட் ஆனதையும் தனித்தனியாக் காட்டும். பக்கத்திலை இருத்தி வைச்சு ஒவ்வொண்டாக் கேட்டுக் கேட்டு அழிச்சன். முருகனிலை மட்டும் கை வைக்க விடேல்லை. அதுக்கே 9 ஜிபி வெளியாச்சு. அவவுக்கு ஒரு சதத்துக்கும் கிளவுட் தேவைப்படேல்லை, மச்சான். இடமில்லை எண்டு வாற முக்கால்வாசிப் பேருக்கு முதல் மருந்து கூட்டித் துடைக்கிறதுதான்.

ஆனால் பேரன்ரை படம்? அங்கைதான் நான் பயந்தது. ஜெர்மனியிலையிருந்து மகன் அனுப்பினது முழுக்க வட்ஸ்அப்பாலை வந்தது. கூகுள் போட்டோசிலை பக்கப் 'ஒன்' எண்டு காட்டினாலும், அது கமராவாலை எடுத்த படத்தைத்தான் தானா ஏத்தும். வட்ஸ்அப் இமேஜஸ் எண்ட ஃபோல்டரை நாங்கள் போய்த் தனியாப் போட்டுவிட வேணும். வெளிநாட்டிலை பிள்ளையள் இருக்கிற தாய் தகப்பனுக்குப் பெறுமதியான படம் எல்லாம் அந்த ஃபோல்டருக்குள்ளைதான் கிடக்கு, கமராவிலை கிடக்கிறது கோழிக்குஞ்சும் மரவள்ளியும். வட்ஸ்அப்பின்ரை சொந்தப் பக்கப் இருக்குத்தானே எண்டு நீ கேப்பாய். அதைத் திருப்பி எடுக்க அதே நம்பரும் அதே ஜிமெயிலும் வேணும்.

அந்த ஜிமெயில்தான் பெரிய சீரழிவு. போன் வாங்கேக்கை விக்கிறவங்கள் தாங்களே ஒரு ஜிமெயிலைத் திறந்து, தங்கடை மனதிலை வந்த பாஸ்வேர்ட்டைப் போட்டுக் குடுத்து அனுப்பிறாங்கள். வாங்கின சனத்துக்குத் தனக்கொரு ஜிமெயில் இருக்கெண்டே தெரியாது. இரண்டு வருசம் படம் ஏறிக்கொண்டே இருக்கும். போன் கிணத்துக்குள்ளை விழும். புதுப்போனோடை இன்னொரு கடை, இன்னொரு ஜிமெயில். பழைய படம் எல்லாம் கூகுளிலை பத்திரமா இருக்கும், திறப்பு மட்டும் ஒருத்தரிட்டையும் இல்லை. இரண்டு வருசம் ஆரும் தொடாத கணக்கைக் கூகுள் அழிக்கலாம் எண்டது 2023 டிசம்பரிலையிருந்து அவையின்ரை விதி. இப்பிடி அழுதுகொண்டு வந்த ஆக்களுக்கு என்னத்தைச் சொல்லுறது? அதுதான் நான் ஆருக்குக் கணக்குத் திறந்தாலும் அவையைக் கொண்டே பாஸ்வேர்ட்டை எழுதுவிச்சு, வங்கிப் புத்தகத்துக்குள்ளை வைக்கச் சொல்லி அனுப்புவன். மீட்கிற நம்பராப் பிள்ளையின்ரை நம்பரைப் போடுவன், ஏனெண்டால் இஞ்சை சிம்மை மாத்துறது சனத்துக்கு உடுப்பு மாத்துற மாதிரி.

படம் மட்டுமில்லை. காணிப் பெமிற், பிறப்பத்தாட்சி, அடையாள அட்டை எல்லாத்தையும் வெளிச்சத்திலை வைச்சு எடுத்து டிரைவிலை போடச் சொல்லிச் சொல்லுவன். 2009 இலை மாத்தளன், முள்ளிவாய்க்கால் எண்டு ஓடேக்கை துண்டு துணுக்கும் இல்லாமல் வந்து, பேந்து பெமிற்றுக்கும் பிறப்பத்தாட்சிக்கும் கந்தோர் கந்தோராத் திரிஞ்ச சனம் இது. மூலப்பத்திரத்துக்குப் பதிலா அந்தப் படம் நிக்காது, ஆனால் நம்பரும் தேதியும் கையிலை இருந்தால் பிரதி எடுக்கிற அலைச்சல் பாதி குறையும். சில படங்களை ஏத்தலாமோ விடலாமோ எண்டு குரலைத் தணிச்சுக் கேக்கிற ஆக்களும் இருக்கினம். அதுக்கு நான் மறுமொழி சொல்லுறேல்லை. கூகுள் போட்டோசிலை கொம்பனியிட்டையும் திறப்பு இருக்கு எண்டதை மட்டும் சொல்லுவன், மிச்சம் அவையின்ரை முடிவு.

உனக்கு ஏன் இவ்வளவு எழுதிறன் எண்டால் ஒரு காரணம் இருக்கு. எங்கடை கல்யாண அல்பம் வலைஞர்மடத்திலை பங்கருக்குள்ளை போட்டது போட்டபடி போச்சு. அப்பாவின்ரை படம், தங்கச்சியின்ரை சாமத்திய வீட்டுப் படம், ஒண்டும் இல்லை. மெனிக் பாம் முகாமிலை இருக்கேக்கை மனுசி புலம்பினது அந்த அல்பத்துக்குத்தான், நகைக்கு இல்லை. ஆனால் அதுக்கெல்லாம் முதல், வன்னிக்குள்ளை டோர்ச் பற்றரி கொண்டுவரவே தடை இருந்த காலத்திலை, கடிதத்துக்குள்ளை மடிச்சு மடிச்சு உனக்கு அனுப்பின படங்கள் உன்னட்டை இருக்கு. வன்னியிலை கன வீடுகளிலை இண்டைக்குச் சுவரிலை கொழுவியிருக்கிற படம் கனடாவிலையோ பிரான்சிலையோ கிடந்து திரும்பி வந்ததுதான். நாங்கள் இடம்பெயரேக்கை இடம்பெயராத பிரதி அது ஒண்டுதான். கிளவுட்டிலை எனக்குப் பிடிச்சதும் அதுதான். இடம் மிச்சமாகிறது இரண்டாம் பட்சம்.

அதாலை ஒரு வேலை தாறன். அந்தக் கடித உறையளை எடு. மகளைக் கொண்டு எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணுவி, 600 டிபிஐத் துல்லியத்திலை, பின்பக்கம் எழுத்திருந்தால் அதையும். வட்ஸ்அப்பிலை படமா அனுப்பாதை, நெரிச்சுப் போடும். டொக்கியுமென்டா அனுப்பு, இல்லாட்டில் டிரைவிலை போட்டு லிங்கைத் தா. நான் இஞ்சை ஒரு பிரதி ஹார்ட் டிஸ்க்கிலும் வைப்பன், ஏனெண்டால் கொம்பனியை மட்டும் நம்பி இருக்கவும் எனக்கு மனமில்லை. ஸ்கேன் பண்ணிப்போட்டு மூலப்படத்தைத் தபாலிலை அனுப்பிறன் எண்டு வெளிக்கிடாதை, அது உன்னட்டையே இருக்கட்டும்.

வட்டாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு லைவ் போடச் சொல்லிக் கேட்டிருந்தாய். பொங்கலண்டு கோயில் வளவிலை அவ்வளவு சனத்துக்கும் ஒரு டவர், சிக்னல் ஒரு கோடும் நிக்காது. வீடியோ எடுத்து, விடிய வீட்டு வைஃபையிலை ஏத்தி விடுறன், கடல்தண்ணியிலை விளக்கெரியிறதையும் சேத்து. பனங்கற்கண்டும் ஒடியலும் மிளகாய்த்தூளும் வாற கிழமை கொழும்புக்குப் போற ஒருத்தரிட்டைக் குடுத்து விடுறன். உன்ரை புது விலாசத்தை இங்கிலிசிலை வடிவா எழுதி அனுப்பு, போனமுறை பார்சல் திரும்பி வந்தது.

அன்புடன்
உன்ரை மச்சான்