பிழை வந்ததும் கம்பைலரை நீக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஓப்பன் சோர்ஸ் மென்பொருட்களின் மூல நிரலை இறக்கி மாணவர்கள் தாங்களே பில்ட் செய்து (இயங்கும் மென்பொருளாக்கி) பழக வேண்டும் என்று தங்கள் நாளிதழின் கணினிப் பக்கத்தில் எழுதியிருந்தது மிக நல்ல யோசனை. ஆனால் அதே கட்டுரையில், பில்டுக்கான கோப்புகளை எழுதித் தரும் சிமேக் கருவியையும் நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரையும் பற்றி, ‘சிமேக் பிழை காட்டினால் கம்பைலரை அன்இன்ஸ்டால் செய்துவிட்டு மறுபடி நிறுவுங்கள்’ என்று சொல்லியிருப்பது மாணவர்களை வீண் வேலையில் இறக்கிவிடும். விஷுவல் ஸ்டூடியோவின் சி++ பகுதியை மறுபடி இறக்கப் பல ஜிபி டேட்டா போய்விடும். அதற்குப் பிறகும் அதே பிழை அதே வரியில் நிற்கும். கோளாறு பெரும்பாலும் கம்பைலரில் இருப்பதில்லை. பில்ட் ஃபோல்டரில் கிடக்கும் ஓர் உரைக் கோப்பில் இருக்கிறது. அதை விளக்கவே இந்தக் கடிதம். (கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழில் தந்திருக்கிறேன். தட்டச்சு செய்யும்போது மாறிகளின் பெயரை ஆங்கிலப் பெரிய எழுத்தில், சொற்களுக்கு நடுவே அடிக்கோடு போட்டு எழுத வேண்டும்.)

சிமேக் தானாக எதையும் கம்பைல் செய்வதில்லை. அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தின் நிதியில் உருவான ஐடிகே என்ற மருத்துவப் பட மென்பொருள் விண்டோஸிலும் யூனிக்ஸிலும் ஒரே மாதிரி பில்ட் ஆக வேண்டியிருந்ததால், கிட்வேர் நிறுவனம் 2000-ஐ ஒட்டி உருவாக்கிய கருவி இது. ‘சிமேக்லிஸ்ட்ஸ்’ கோப்பைப் படித்து, லினக்ஸ் என்றால் ‘மேக்’ என்ற பில்ட் கருவிக்கான மேக்ஃபைலையும், விண்டோஸில் விஷுவல் ஸ்டூடியோ இருந்தால் அதன் சொல்யூஷன் கோப்பையும் எழுதிக் கொடுக்கும். கேட்டால் நிஞ்சா என்ற இன்னொரு பில்ட் கருவியின் கோப்பையும், ஆப்பிள் மேக் கணினியில் எக்ஸ்கோட் கோப்பையும் எழுதும். கம்பைல் செய்வது அதற்குப் பிறகு நடக்கும் தனி வேலை.

எந்த ஜெனரேட்டர் (மேக்ஃபைல், நிஞ்சா போன்ற கோப்பு வகை), எந்த கம்பைலர், எந்த லைப்ரரி (பிறர் எழுதிய பயன்பாட்டு நிரல் தொகுப்பு) எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்பதெல்லாம் முதல் தடவை கான்ஃபிகர் செய்யும்போதே, அதாவது சிமேக்கை ஓட்டும்போதே, முடிவாகி, ‘சிமேக்கேஷ்’ என்ற உரைக் கோப்பில் பதிவாகிவிடும். அடுத்த முறை சிமேக் அந்தப் பதிவைத்தான் நம்பும். ஒரு லைப்ரரி கிடைக்கவில்லை என்றால் மறுமுறை தேடிப் பார்க்கும். ஆனால் ஒருமுறை கிடைத்துவிட்டால், அது தவறான பதிப்பாகவே இருந்தாலும், மறுபடி தேடாது. புதுப் பதிப்பை வேறு இடத்தில் நிறுவிவிட்டு ‘பழையதையே எடுக்கிறதே’ என்று தவிப்பவர்கள் பார்க்க வேண்டிய இடம் இதுதான். கம்பைலரைக் குறிக்கும் ‘சிசி’, ‘சிஎக்ஸ்எக்ஸ்’ என்ற சூழல் மாறிகளும் முதல் தடவை மட்டுமே படிக்கப்படும். எந்தக் கம்பைலரை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லும் டூல்செயின் கோப்பும் அப்படியே. இருக்கிற பில்ட் ஃபோல்டரில் அதைப் பிறகு கொடுத்தால், ‘கொடுத்த மாறி பயன்படுத்தப்படவில்லை’ என்ற எச்சரிக்கையோடு சிமேக் நகர்ந்துவிடும். அந்த எச்சரிக்கை கடைசியில் வருவதால் பலர் கவனிப்பதில்லை.

ஆகவே முதல் மருந்து கேஷை அழிப்பது. 3.24 பதிப்பு முதல் ‘சிமேக் --ஃப்ரெஷ் -எஸ் . -பி பில்ட்’ என்று கொடுத்தால் போதும். இதில் எஸ், பி இரண்டும் பெரிய எழுத்து: எஸ் மூல நிரல் இருக்கும் இடம், பி பில்ட் ஃபோல்டர். பழைய பதிப்பென்றால் பில்ட் ஃபோல்டரையே நீக்கிவிட்டு மறுபடி கான்ஃபிகர் செய்யுங்கள். அதில் இருப்பதெல்லாம் திரும்ப உருவாக்கக் கூடியவை, இழப்பு ஒன்றும் இல்லை. மூல நிரல் ஃபோல்டரிலேயே ‘சிமேக் .’ என்று கொடுத்துவிட்டவர்கள் இன்னொன்றையும் செய்ய வேண்டும். அங்கே ஒரு கேஷ் கோப்பு உருவாகியிருக்கும். பிறகு பில்ட் ஃபோல்டருக்குள் போய் ‘சிமேக் ..’ என்று கொடுத்தாலும், மேலே கேஷ் கோப்பு இருப்பதைப் பார்த்து அதையே பில்ட் ஃபோல்டராக எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் அங்கேயே எழுதும். மேலே இருக்கும் கேஷையும் ‘சிமேக்ஃபைல்ஸ்’ ஃபோல்டரையும் கையால் நீக்கினால்தான் தீரும். விண்டோஸிலும் அதற்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல்லிலும் ஒரே பில்ட் ஃபோல்டரைப் பகிரவும் கூடாது. அங்கே பதிவான பாதை இங்கே செல்லாது.

இரண்டாவது, முதல் பிழையைப் படிப்பது. கடைசி வரியில் வரும் ‘கான்ஃபிகரிங் இன்கம்ப்ளீட்’ எதையும் சொல்வதில்லை. மேலே ஏறி, முதன்முதலில் ‘எரர்’ என்று வரும் இடத்தைப் பிடிக்க வேண்டும். ‘ஒரு எளிய சோதனை நிரலைக்கூட கம்பைலரால் கம்பைல் செய்ய முடியவில்லை’ என்று வந்தால், உடனே கம்பைலர் கெட்டுவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். அந்தச் சோதனை நிரல் ஏன் தோற்றது என்ற முழு விவரமும் சிமேக்ஃபைல்ஸ் ஃபோல்டரில் ‘சிமேக்கான்ஃபிகர்லாக்’ என்ற யாமல் கோப்பில் இருக்கும் (3.26 பதிப்பு முதல், அதற்கு முன் ‘சிமேக்எரர்’ லாக்). லினக்ஸில் சி லைப்ரரியின் ஹெட்டர்கள் (ஃபங்ஷன்களின் அறிவிப்புக் கோப்புகள்) நிறுவப்படாதது, டூல்செயின் கோப்பில் ஒரு தவறான ஃபிளாக் (கம்பைலருக்குத் தரும் விருப்பக் குறி), வட்டில் இடமின்மை எல்லாமே இதே பிழையாகத்தான் வெளியே தெரியும். கணினியில் இருந்துகொண்டு மைக்ரோகன்ட்ரோலர் சிப்புக்காக கம்பைல் (கிராஸ் கம்பைல்) செய்பவர்களுக்குக் காரணம் வேறு: இயங்குதளம் இல்லாத சிப்புக்கு அந்தச் சோதனை நிரலை முழு நிரலாக லிங்க் செய்ய (கம்பைல் ஆன துண்டுகளை ஒன்றாக இணைக்க) பெரும்பாலும் முடியாது. டூல்செயின் கோப்பில் ‘சிமேக் ட்ரை கம்பைல் டார்கெட் டைப்’ என்ற மாறிக்கு ‘ஸ்டாட்டிக் லைப்ரரி’ என்று மதிப்புக் கொடுத்தால் சரியாகும்.

லைப்ரரி கிடைக்காத பிழைதான் மாணவர்களை அதிகம் மடக்குகிறது. அதில் இரண்டு வகை உண்டு. ‘குட் நாட் ஃபைண்ட் ஓப்பன்எஸ்எஸ்எல்’ என்ற மாதிரி வந்தால் சிமேக்கோடு வரும் தேடல் கோப்பு தேடித் தோற்றிருக்கிறது. ‘க்யூட்டி6கான்ஃபிக் கோப்பைக் காணோம்’ என்ற மாதிரி வந்தால் அந்த லைப்ரரி தானே தர வேண்டிய கோப்பு கிடைக்கவில்லை. உபுண்டு, டெபியனில் பெரும்பாலும் விடை எளிது: இயக்கத்துக்கான லைப்ரரி இருக்கும், ஹெட்டர்கள் அடங்கிய ‘டெவ்’ பொதி இருக்காது. ஓப்பன்எஸ்எஸ்எல்லுக்கு ‘லிப்எஸ்எஸ்எல்-டெவ்’. ஃபெடோராவில் அதே பொதி ‘ஓப்பன்எஸ்எஸ்எல்-டெவல்’. வழக்கமில்லாத இடத்தில் நிறுவியிருந்தால் ‘சிமேக் ப்ரிஃபிக்ஸ் பாத்’ மாறிக்கு அந்த ஃபோல்டரைக் கொடுக்க வேண்டும். லிப் ஃபோல்டரை அல்ல, லிப்பும் இன்க்ளூடும் இருக்கும் மேல் ஃபோல்டரை. அப்படியும் கிடைக்காவிட்டால் ‘--டீபக்-ஃபைண்ட்’ (3.17 முதல்) சேர்த்து ஓட்டினால் எந்தெந்தப் பாதையில் தேடியது என்று வரிசையாகக் காட்டும். ஊகிப்பதை விட்டு அந்தப் பட்டியலைப் படித்தால் விடை அதிலேயே இருக்கும்.

விண்டோஸில் ‘கோப்பைப் பார்த்தேன், ஆனால் ஏற்கவில்லை’ என்று வந்து, பதிப்பு எண்ணுக்குப் பக்கத்தில் 64பிட் அல்லது 32பிட் என்று அடைப்புக்குறியில் இருந்தால், லைப்ரரி ஒரு பிட் அளவு, உங்கள் பில்ட் இன்னொன்று. விஷுவல் ஸ்டூடியோ ஜெனரேட்டருக்கு ‘-ஏ எக்ஸ்64’ கொடுத்து ஃப்ரெஷ்ஷாகத் தொடங்க வேண்டும். மிங்கவ் என்ற இன்னொரு கம்பைலரால் ஆன சி++ லைப்ரரியை விஷுவல் ஸ்டூடியோ கம்பைலரோடு சேர்க்கவும் முடியாது. இரண்டும் சி++ பெயர்களைக் குறிக்கும் முறையே வேறு. ஆப்பிள் மேக்கில் ஹோம்புரூ என்ற மென்பொருள் நிறுவும் கருவி, ஆப்பிள் சிலிக்கன் சிப்பில் ‘ஆப்ட்’டின் கீழும், இன்டெலில் ‘யூஎஸ்ஆர் லோக்கல்’ கீழும் நிறுவுகிறது. பழைய மேக்கிலிருந்து எல்லாவற்றையும் நகலெடுத்து வந்தவர்களுக்கு ஆர்ம்64 (ஆப்பிள் சிலிக்கன்) பில்ட்டில் எக்ஸ்86-64 (இன்டெல்) லைப்ரரி மாட்டிக்கொள்வது இதனால்தான்.

டீபக் (பிழை தேடுவதற்கான), ரிலீஸ் (வெளியிடுவதற்கான) பில்ட் வகைகளின் குழப்பம் அடுத்தது. மேக்ஃபைலிலும் நிஞ்சாவிலும் ஒரு பில்ட் ஃபோல்டருக்கு ஒரே வகைதான். ‘சிமேக் பில்ட் டைப்’ கொடுக்காவிட்டால், புராஜெக்ட்டே ஒன்றை நிர்ணயித்திருந்தாலொழிய, ஆப்டிமைசேஷனும் (வேகமூட்டலும்) கிடையாது, டீபக் தகவலும் கிடையாது. ‘லினக்ஸில் மட்டும் நிரல் மெதுவாக ஓடுகிறது’ என்ற புகாரின் பின்னால் இதுவே அடிக்கடி இருக்கிறது. விஷுவல் ஸ்டூடியோ, எக்ஸ்கோட் இரண்டும் இந்த மாறியைப் பொருட்படுத்தாது. அங்கே பில்ட் செய்யும்போது ‘சிமேக் --பில்ட் பில்ட் --கான்ஃபிக் ரிலீஸ்’ என்று கொடுக்க வேண்டும். டீபக் பில்ட்டோடு ரிலீஸ் லைப்ரரி சேர்ந்தால் விண்டோஸ் லிங்கர் ‘எல்என்கே2038’ என்ற பிழையைத் தரும். ‘0 என்ற மதிப்பு 2 என்ற மதிப்போடு ஒத்துப்போகவில்லை’ என்று பக்கம் பக்கமாக வரும். நிரலில் ஒரு வரிகூட மாற்ற வேண்டியதில்லை, இரண்டையும் ஒரே வகையில் பில்ட் செய்தால் போதும்.

தமிழ் எழுத்துக்களை நிரலில் வைப்பவர்களுக்கு ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஜிசிசி, கிளாங் என்ற கம்பைலர்கள் மூலக் கோப்பை யூடிஎஃப்-8 (யூனிகோடை எழுதும் ஒரு முறை) என்றே எடுத்துக்கொள்கின்றன. விஷுவல் ஸ்டூடியோ கம்பைலர் அப்படியல்ல. கோப்பின் தொடக்கத்தில் பிஓஎம் குறி (யூனிகோட் கோப்பு என்று காட்டும் அடையாளம்) இல்லாவிட்டால் கணினியின் கோட் பேஜில் (எழுத்துக் குறியீட்டு அட்டவணையில்) இருப்பதாக நினைத்துப் படிக்கும். ஆங்கில அமைப்புள்ள விண்டோஸில் அது 1252. தேர்ந்தெடுக்கத் தமிழுக்கென்று அத்தகைய கணினிக் கோட் பேஜும் கிடையாது. ‘அம்மா’ என்ற சொல்லில் 5 யூனிகோட் புள்ளிகள் இருக்கின்றன. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் 3 பைட், மொத்தம் 15. வைட் சரமாக (ஓர் எழுத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பைட் ஒதுக்கும் சரமாக) எழுதியிருந்தால் 5 புள்ளிகளுக்குப் பதில் 15 சம்பந்தமில்லாத குறிகள் நிரலுக்குள் போய்ச் சேரும். சாதாரணச் சரம் சில நேரம் தற்செயலாகத் தப்பிவிடும். அதனால் கோளாறு பாதி இடத்தில் மட்டும் தெரிந்து குழப்பும். ‘டார்கெட் கம்பைல் ஆப்ஷன்ஸ்’ கட்டளையில் ‘/யூடிஎஃப்-8’ சேர்ப்பதே தீர்வு. ஆனால் அதை எம்எஸ்விசி (விஷுவல் ஸ்டூடியோ கம்பைலர்) என்ற நிபந்தனைக்குள் வைக்க வேண்டும், இல்லையென்றால் ஜிசிசி அதை ஒரு கோப்பின் பெயர் என்று நினைத்துத் தடுக்கி விழும். விண்டோஸ் பயனர் பெயரைத் தமிழில் வைத்திருப்பவர்களின் ஃபோல்டர் பாதையும் தமிழில் இருக்கும். பழைய முறையில் எழுதப்பட்ட பில்ட் கருவிகளால் அதைத் திறக்க முடியாது. சி டிரைவில் குட்டியாக ஓர் ஆங்கிலப் பெயர் ஃபோல்டர் போட்டுக்கொள்வது பாதுகாப்பு. விண்டோஸின் 260 எழுத்துப் பாதை வரம்பிலிருந்தும் அது காப்பாற்றும்.

விண்டோஸிலிருந்து லினக்ஸுக்குப் போகிறவர்கள் ஹெட்டர் பெயரில் பெரிய, சின்ன எழுத்து வேறுபாட்டைச் சரிபார்க்க வேண்டும். லினக்ஸ் அதை மன்னிக்காது. எதிர்த் திசையில் போகிறவர்களுக்கு டிஎல்எல் (விண்டோஸின் ஷேர்டு லைப்ரரி) சிக்கல் வரும். லினக்ஸில் ஷேர்டு லைப்ரரியின் எல்லா ஃபங்ஷனும் இயல்பாகவே வெளியே தெரியும், விண்டோஸில் எக்ஸ்போர்ட் செய்யாவிட்டால் எதுவும் தெரியாது, லிப் கோப்பே உருவாகாது. ‘சிமேக் விண்டோஸ் எக்ஸ்போர்ட் ஆல் சிம்பல்ஸ்’ மாறியை ‘ஆன்’ செய்வது தற்காலிக வழி. அது ஃபங்ஷன்களுக்குப் போதும், குளோபல் மாறிகளுக்குப் போதாது.

8 ஜிபி நினைவகமுள்ள லேப்டாப்பில் ‘-ஜே’ (ஒரே நேரத்தில் எத்தனை கம்பைல் என்று சொல்லும் குறி) என்று எண் இல்லாமல் கொடுத்தால், மேக்ஃபைலை ஓட்டும் ‘மேக்’ கருவி கணக்கில்லாமல் கம்பைலர்களைத் தொடங்கும். டெம்ப்ளேட் நிறைந்த சி++ கோப்பு ஒன்றே 1 ஜிபிக்கு மேல் கேட்கலாம். ‘கில்டு சிக்னல்’ என்று வந்து கம்பைலர் நின்றால், இயங்குதளம் நினைவகம் போதாமல் அதை நிறுத்தியிருக்கிறது என்று பொருள். ‘-ஜே 2’ அல்லது ‘-ஜே 4’ கொடுங்கள்.

2025 மார்ச்சில் வந்த சிமேக் 4.0, 3.5க்கு முந்தைய பதிப்புகளுக்கான ஒத்திசைவை நீக்கிவிட்டது. நேற்று வரை நன்றாக பில்ட் ஆன பழைய புராஜெக்ட் இன்று முதல் வரியிலேயே நின்றால் இதுதான் காரணமாக இருக்கலாம். பிறர் எழுதிய நிரல் என்றால் ‘சிமேக் பாலிசி வெர்ஷன் மினிமம்’ மாறிக்கு 3.5 என்று கொடுத்துத் தாண்டலாம். சொந்த நிரல் என்றால் ‘சிமேக் மினிமம் ரிக்வயர்டு’ வரியில் 3.10 முதல் நீங்கள் சோதித்த பதிப்பு வரை என்று இடையே மூன்று புள்ளி வைத்து எழுதுவதே முறை.

புராஜெக்ட் வெளியிடுபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். 3.19 பதிப்பு முதல் ‘சிமேக்ப்ரீசெட்ஸ்’ என்ற ஜேசன் கோப்பு இருக்கிறது. ஜெனரேட்டர், பில்ட் ஃபோல்டர், டூல்செயின், பில்ட் வகை எல்லாவற்றையும் அதில் எழுதி, நிரலை வைத்திருக்கும் கிட் களஞ்சியத்தில் சேர்த்துவிட்டால், புதிதாக வருகிற மாணவர் ‘சிமேக் --ப்ரீசெட்’ என்று பெயரை மட்டும் கொடுத்தால் போதும். சொந்தக் கணினியின் பாதைகளை அதில் எழுதாமல் ‘சிமேக்யூசர்ப்ரீசெட்ஸ்’ என்ற இன்னொரு கோப்பில் வைத்து, அதைக் கிட் களஞ்சியத்தில் சேர்க்காமல் விடுங்கள்.

அடுத்த இதழில் அந்தக் குறிப்பைத் திருத்தி வெளியிடும்போது, உதவி கேட்கும் மாணவர் என்ன அனுப்ப வேண்டும் என்பதையும் சேர்த்துவிடுங்கள்: ‘சிமேக் --வெர்ஷன்’ காட்டும் எண், இயங்குதளம், ஜெனரேட்டரின் பெயர், கொடுத்த முழுக் கட்டளை, முதல் பிழையும் அதற்கு மேலுள்ள 10 வரிகளும். திரையைக் கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பாமல், எழுத்தாகவே நகலெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மென்பொருள் பில்ட் பொறியாளர் ஒருவர்,
கோயம்புத்தூர்