செயலாளர் ஆண்டறிக்கை, 2024–25: பொருளாளர் அக்கா பொறுப்பை ஒப்படைக்கும் ஆண்டு

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

விளைநிலம் மனையாகாமல் இருக்க விவசாயிகளுக்குக் கைகொடுக்கும் நம் அமைப்பின் செயற்குழு மாதம் தவறாமல் கூடியது. தணிக்கை முடிந்த வரவு செலவுக் கணக்கு உங்கள் கையில் இருக்கிறது. மீஞ்சூர், பொன்னேரிப் பக்கம் வரத்துக் கால்வாய் தூர்வாரியது, மோட்டார் ரிப்பேருக்கும் விதைநெல்லுக்கும் உதவியது எல்லாம் அதில் வரிவரியாக உள்ளன. இங்கே திரும்பப் படிக்கவில்லை. இந்தக் கூட்டத்தோடு பொறுப்பை ஒப்படைக்கும் நம் பொருளாளர் அக்காவைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன்.

துறைமுகத்தை ஒட்டிய ஒரு கம்பெனியில் நிதி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். "வயலைப் பத்தி எனக்கு என்ன தம்பி தெரியும்?" என்று தயங்கியவரை நாங்கள்தான் வற்புறுத்திக் கொண்டுவந்தோம். முதல் மாதமே திருவொற்றியூரில் கும்மிடிப்பூண்டி லோக்கல் பிடித்து மீஞ்சூருக்குப் போய்விட்டார். வரப்பில் நின்று விவசாயிகளிடம் அவர் கேட்டது ஒன்றுதான்: "உங்களுக்குப் பணம் எந்த மாசம் வேணும்?"

அதுவரை நாங்கள் யாருமே கேட்காத கேள்வி. நமக்கு நன்கொடை பெரும்பாலும் மார்ச்சில் வரும். வரிக்கணக்கு முடிப்பவர்கள் கொடுப்பது. சித்திரையில் தொடங்கும் சொர்ணவாரி நெல் போகத்துக்கு அது உதவும். சம்பாவுக்கு விதை வாங்க ஆடி, ஆவணியில் ஆள் வரும்போது நம் கை காலியாக இருக்கும். பக்கத்து நிலத்தில் மனைக்கல் நட்டுக் கொடி கட்டியிருக்கும். புரோக்கர் அட்வான்ஸோடு வாசலில் நிற்பார். விதைக்கு வழியில்லாத அந்த வாரத்தில்தான் நிலத்தை விற்றுவிடலாம் என்று விவசாயியின் மனசு தளர்கிறது என்பதை அக்கா கேட்டுத் தெரிந்துகொண்டு வந்தார்.

அப்புறம் வரவைச் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று போகங்களுக்கும் மூன்று தலைப்பாகப் பிரித்தார். நம்மைப் போன்ற அமைப்புகள் ஆண்டு வருமானத்தில் 85 சதவீதத்தை அந்த ஆண்டே செலவழிக்க வேண்டும் என்பது வரி விதி. மார்ச்சில் வந்ததை மார்ச்சிலேயே எப்படிச் செலவழிப்பது? இன்ன வேலைக்கு என்று தீர்மானம் போட்டுப் படிவம் 10 தாக்கல் செய்தால் 5 ஆண்டு வரை வைத்திருக்கலாம். அதைக் கெடு தவறாமல் செய்தார். ஆடியில் பணம் இருந்தது.

மீஞ்சூர்ப் பகுதியில் 1960களிலிருந்து நகரத்துக்காகவும் ஆலைகளுக்காகவும் நிலத்தடி நீரை உறிஞ்சியதில் கடல்நீர் உள்ளே புகுந்துவிட்டது. கிணறு உப்பான இடத்தில் கால்வாயை நம்பித்தான் பயிர். நம் அலுவலக வாடகை பாக்கி விழுந்தபோது, கால்வாய்க் கணக்கிலிருந்து கைமாற்றாக எடுக்கலாம் என்று நான் சொன்னேன். "அது மண் அள்ளக் கொடுத்த காசு" என்று அக்கா நோட்டை மூடிவிட்டார். அவர் சொன்னது சரி. வாடகைக்கு நாம் தனியாக வசூல் செய்தோம்.

அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய நம் ஊர்க்காரர் ஒருவர் பணம் அனுப்ப விரும்பினார். வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படியான எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு இல்லாமல் வாங்கக்கூடாது என்று அக்கா மறுத்துவிட்டார். அந்த ஊர்க்காரர் கோபித்துக்கொள்ளவில்லை. அங்கே விளைநிலத்தைக் காக்க 1980இல் தொடங்கிய அமெரிக்கன் ஃபார்ம்லேண்ட் டிரஸ்ட் போன்ற அமைப்புகள் வேலை செய்யும் விதத்தை விளக்கி எழுதினார். உடைமையாளர் நிலத்தில் மனை போடும் உரிமையை மட்டும் விட்டுக்கொடுத்துப் பத்திரம் எழுதுகிறார்; ஈடாகப் பணமோ வரிச் சலுகையோ கிடைக்கிறது. நிலம் அவருடையதுதான், உழவும் தொடரும். நாளை வாங்குகிறவரையும் அந்தப் பத்திரம் கட்டுப்படுத்தும். அக்கா இதைச் செயற்குழுவில் இரண்டு முறை படித்தார். "நம்மகிட்ட அந்தப் பத்திரம் இல்லை. நேரத்துக்குப் போற பணம்தான் இருக்கு" என்றார்.

சென்ற வாரம் கணக்கு ஃபைல்களைச் சரிபார்த்தேன். பழைய மாதக் காலண்டர் தாள்களின் பின்பக்கம் வவுச்சர்களை ஒட்டி வைத்திருக்கிறார். தூர்வாரியவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்த சீட்டில் ஒரு கைநாட்டு. அதன் கீழே பென்சிலில் அந்த ஆளின் பெயர், ஊர், எத்தனை டீ என்பது வரை இருக்கிறது.

புதிய பொருளாளர் தேர்வு இன்றைய நிகழ்ச்சிநிரலில் உள்ளது. ஆறு மாதம் கூடவே இருந்து சொல்லிக்கொடுப்பதாக அக்கா ஒப்புக்கொண்டுள்ளார். முன்பணம் வாங்கி இன்னும் பில் கொடுக்காத உறுப்பினர்கள் சனிக்கிழமைக்குள் கொடுத்துவிடுங்கள். பீரோ சாவியைக் கொடுக்கும்போது ஒரு பாக்கியும் இருக்கக்கூடாது என்கிறார் அக்கா.

செயலாளர்