கிளாத்தைக் கூட்டினால் பலம் கூடிவிடாது: வட ஆற்காட்டுத் தொழிற்கல்வி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களின் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக், பொறியியல் கல்லூரி ஆசிரியர்களுக்கு,

வணக்கம். நான் வாலாஜாபேட்டைப் பக்கம் ஃபைபர் பட்டறை வைத்திருப்பவன். தோல் தொழிற்சாலைகளுக்கும் கெமிக்கல் கம்பெனிகளுக்கும் டேங்க், பைப், புகைக்குழாய் செய்துகொடுப்பது தொழில். காற்று சீசன் இல்லாத மாதங்களில் என்னிடம் வேலை பழகிய பையன்கள் ஆரல்வாய்மொழி, கயத்தாறு, உடுமலைப் பக்கம் காற்றாலை இறக்கை ரிப்பேருக்குப் போகிறார்கள். நானும் கூடப் போய் மேற்பார்வை பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் உங்களிடம் ஒன்றைக் கேட்க வந்திருக்கிறேன். இறக்கைக்கு எங்கே வலு சேர்க்க வேண்டும், ஏன், எப்படி என்பதை நம் பிள்ளைகளுக்குக் கையால் செய்யவைத்துக் கற்றுக்கொடுங்கள்.

நம்ம ஊரில் காற்றாலையே இல்லையே, நமக்கெதற்கு இது என்று உங்களில் சிலர் நினைக்கலாம். காற்று இங்கே இல்லைதான். ஆனால் கை இங்கே இருக்கிறது. ராணிப்பேட்டை சிப்காட்டைச் சுற்றி ரெசினும் (இழைகளை ஒட்டி இறுகும் பிசின்) கண்ணாடி இழையும் (அதன் துணிதான் கிளாத்) புழங்கும் பட்டறைகள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். ராணிப்பேட்டை பெல் ஆலையின் உற்பத்திப் பட்டியலில் காற்றாலை மின்னாக்கிகளும் இடம்பெற்றிருந்தன. பெங்களூரு ரோட்டில் ஒரே ஒரு இறக்கையைச் சுமந்துகொண்டு ஊர்ந்து போகும் நீள டிரெய்லரை வாலாஜா டோல்கேட்டிலோ பள்ளிகொண்டாவிலோ பார்க்காதவர்கள் நம் பக்கம் குறைவு. அந்த இறக்கை உள்ளே எப்படி இருக்கும் என்று கேட்கும் மாணவனுக்கு நம் வகுப்பறையில் பதில் கிடைக்க வேண்டும்.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 1986-ல் தூத்துக்குடி முள்ளக்காட்டில் காற்றாலைகள் வந்தன. 90-களில் தனியார் வரிசையாக நட்டார்கள். அன்றைக்கு 225 கிலோவாட் மெஷின் என்றால் சுழலும் வட்டத்தின் விட்டம் 27 மீட்டர். இன்றைக்கு 3 மெகாவாட் மெஷினுக்கு விட்டம் 140 மீட்டரைத் தாண்டுகிறது. பழைய காற்றாலைகளைப் புதுப்பிக்கவும் அவற்றின் ஆயுளை நீட்டிக்கவும் மத்திய அரசு 2023-லும் தமிழக அரசு 2024-லும் தனிக் கொள்கைகளை வெளியிட்டன. ஆயுளை நீட்டிப்பது என்றால் 20 வருடம் உழைத்த இறக்கையை இன்னும் சில வருடம் சுழலவிடுவது. அதற்கு வலு சேர்க்கும் வேலை வரும். அந்த வேலைக்கு இங்கிருந்தும் பையன்கள் போவார்கள், போய்க்கொண்டும் இருக்கிறார்கள். டேங்க் வேலை தெரிந்த கை இறக்கை வேலையும் செய்துவிடும் என்று எல்லோரும் நம்புவதுதான் எனக்குக் கவலை.

டேங்குக்கு நாங்கள் போடுவது சாப்டு மேட். துண்டு துண்டான இழைகள் எல்லாத் திசையிலும் இறைந்து கிடக்கும். அதற்குத் திசை கிடையாது. சந்தேகமாக இருந்தால் இன்னொரு லேயர் போட்டால் போயிற்று. இறக்கையில் திசைதான் எல்லாம்.

வெளியிலிருந்து பார்க்க இறக்கை ஒரே துண்டாகத் தெரியும். உண்மையில் அது மேலும் கீழுமாக ஒட்டிய இரண்டு ஓடுகள். ஒவ்வொரு ஓட்டின் நடுவிலும் அடியிலிருந்து நுனியை நோக்கி ஒரு தடித்த பட்டை ஓடுகிறது. ஸ்பார் கேப் என்பார்கள். அதில் இழைகள் நீளவாக்கில், ஒரே திசையில் படுத்திருக்கும். காற்று தள்ளும்போது ஒரு பக்கப் பட்டை இழுபடும், மறுபக்கப் பட்டை அமுங்கும். இரண்டையும் விலகாமல், நழுவாமல் பிடித்து நிற்கும் நடுச்சுவர்தான் ஷியர் வெப். அதில் இழைகள் 45 டிகிரி சாய்வில் இரண்டு பக்கமும் குறுக்காக ஓடும். பட்டைக்கும் விளிம்புக்கும் நடுவே இருக்கும் அகலமான பரப்பு, பால்சா மரத்தையோ ஃபோமையோ இரண்டு மெல்லிய தோலுக்கு நடுவே வைத்த சாண்ட்விச். இவ்வளவையும் சேர்த்துப் பிடிப்பது பசை.

சாமான்யமாகத் தெரியும் ஒரு விஷயம் இதில் பெரியது: இறக்கையின் சொந்த எடை. சுழலும்போது ஒவ்வொரு சுற்றிலும் அந்த எடை விளிம்பை ஒரு முறை இழுக்கும், ஒரு முறை அமுக்கும். நிமிடத்துக்கு 15 சுற்று என்று வைத்து, ஓயாமல் சுற்றினால் 20 வருடத்தில் 15 கோடி முறையைத் தாண்டும். மாணவர்கள் கால்குலேட்டரில் போட்டுப் பார்க்கட்டும். அதே வடிவத்தில் இறக்கையை இரண்டு மடங்கு நீளமாக்கினால் காற்றைப் பிடிக்கும் பரப்பு 4 மடங்கு, எடை 8 மடங்கு, அடியில் அந்த எடை கொடுக்கும் வளைப்பு 16 மடங்கு. வலு சேர்க்கிறேன் என்று நுனிப்பக்கம் கண்டபடி கிளாத்தை ஏற்றுபவன், அந்தப் பாரத்தை அடிக்கு அனுப்புகிறான். மூன்று இறக்கையில் ஒன்றில் மட்டும் எடை கூடினால் மெஷின் முழுக்க ஆட்டம் காணும். அதனால்தான் ரிப்பேருக்குப் பிறகு எடைக் கணக்கையும் பார்க்கிறார்கள்.

அடுத்தது, இறக்கை எப்படி உடைகிறது என்பது. பப்பாளி இலைக் காம்பை வளைத்துப் பாருங்கள். முறிவதற்கு முன்னால் அது சப்பையாகும். உள்ளே வெற்றிடமாக இருக்கும் எந்தத் தண்டை வளைத்தாலும் இதுதான் நடக்கும்; பொறியியலில் இதற்குப் பிரேசியர் விளைவு என்று பெயர். வளைவு இரண்டு மடங்கானால் சப்பையாக்கும் அழுத்தம் 4 மடங்காகும். இறக்கையும் அப்படித்தான். வளைய வளைய ஓடுகள் உள்வாங்கும், நடுச்சுவர்கள் கோணும், பசைக்கோடு பிளக்கப் பார்க்கும். டென்மார்க்கின் ரிசோ ஆய்வுக்கூடத்துக்காரர்கள் 34 மீட்டர் இறக்கை ஒன்றை உடையும்வரை வளைத்துச் சோதித்து, 2006-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். அதில் முதலில் இழைகள் அறுந்து போகவில்லை. உள்ளே இருக்கும் பெட்டித்தண்டை (பட்டைகளும் நடுச்சுவர்களும் சேர்ந்த பெட்டி) விட்டு மேல்தோல் பிரிந்தது. அப்புறம் அடுக்குகள் பிரிந்து புடைத்தன. அதற்குப் பிறகுதான் இறக்கை சரிந்தது.

நான் சொல்ல வந்தது முழுவதும் இந்தச் சோதனையில் இருக்கிறது. பட்டையில் இழை போதாமல் உடைகிற இறக்கைக்கு இழை சேர்க்கலாம். சப்பையாகி உடைகிற இறக்கைக்கு மேலே எத்தனை லேயர் போட்டும் பெரிய பயன் இல்லை. உள்ளே இரண்டு ஓடுகளையும் குறுக்காக இழுத்துப் பிடிக்கும் கட்டு வேண்டும், அல்லது பெட்டியின் கோணலைத் தடுக்கும் மூலைத்தாங்கல் வேண்டும், அல்லது அகலமான சாண்ட்விச் பரப்புக்கு முட்டு வேண்டும். இவை எடையில் கொஞ்சம்தான். எங்கே வைப்பது என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். தெற்கே ஒரு மெஷினில், பின்விளிம்பு ஓரம் விரிசல் கண்ட இடத்தில், ஒரு கான்ட்ராக்டரின் ஆட்கள் தடிமனாகப் பேட்ச் போட்டிருந்தார்கள். பார்க்க நேர்த்தியாக இருந்தது. பெயிண்ட்கூடக் கலர் மாறவில்லை. ஆனால் பேட்சின் ஓரத்தைச் சரிவாக இறக்கவில்லை. படிக்கட்டு விளிம்புபோல் சட்டென்று முடிந்திருந்தது. அடுத்த சீசன் முடிந்து இறக்கையைப் பார்த்தபோது, பழைய விரிசல் பேட்சுக்கு அடியில் அப்படியே இருந்தது. பேட்ச் முடிகிற கோட்டில், முன்பு நன்றாக இருந்த தோலில், புதிதாக ஒரு விரிசல் ஓடியிருந்தது. விரைப்பு எங்கே திடீரென்று மாறுகிறதோ அங்கே பாரம் குவியும். அதனால்தான் ஒவ்வொரு மில்லிமீட்டர் தடிமனுக்கும் 50 மில்லிமீட்டர், முக்கியப் பட்டையில் 100 மில்லிமீட்டர்வரைகூடச் சரிவு வைத்துக் கிரைண்டிங் செய்யச் சொல்கிறார்கள். அங்கே வேலை செய்த பையன்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. யாரும் அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை.

கார்பன் விஷயத்திலும் இதே கதை. கார்பன் இழை கண்ணாடி இழையைவிட ஏறக்குறைய 3 மடங்கு விரைப்பு, எடையும் குறைவு. அப்படியானால் கண்ணாடி இழை இறக்கைக்குமேல் கார்பன் பட்டை ஒட்டிவிடலாமே என்று தோன்றும். விரைப்பானது பாரத்தைத் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும். அந்தப் பாரம் முழுவதும் ஓரத்துப் பசை வழியாகத்தான் ஏறி இறங்க வேண்டும். பசை தாங்காவிட்டால் பட்டை உரிந்துவிடும். கூடவே, கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். இறக்கைக்குள் ஓடும் இடிதாங்கிக் கம்பியோடு அதை முறையாக இணைக்காவிட்டால், மின்னல் கம்பிக்கும் கார்பனுக்கும் நடுவே பாய்ந்து இறக்கையின் ஓடுகளைப் பொத்தலாக்கிவிடும்.

ரெசினில் நம் பையன்களுக்கு ஒரு பழக்கம் மாற வேண்டும். டேங்க் வேலையில் பாலியஸ்டர். பல இறக்கைகள் எபாக்சி. பாலியஸ்டர் இறக்கைமேல் எபாக்சி ஒட்டும். இறுகிய எபாக்சிமேல் பாலியஸ்டர் சரியாக ஒட்டாது. சாப்டு மேட்டில் இழைகளைப் பிடித்திருக்கும் பசை, பாலியஸ்டரில் இருக்கும் ஸ்டைரீனில் கரைய வேண்டிய பசை. எபாக்சியில் ஸ்டைரீன் இல்லாததால் மேட் விரைப்பாகவே நின்று, காற்றுக்குமிழ் தங்கிவிடும். நம் ஊர் வெயிலில் மக்கில் நிறையக் கலக்கி வைத்தால் சூடேறிக் கையிலேயே கட்டியாகிவிடும் என்பது நம் பையன்களுக்குத் தெரியும். மறுபக்கம் அவ்வளவாகத் தெரியாது: மலைக்கணவாய்க் காற்றில், குளிர்ந்த காலையில் போட்ட எபாக்சி தொட்டால் இறுகியதுபோல் இருக்கும், ஆனால் முழுதாகப் பதப்பட்டிருக்காது. ஹீட்டிங் பிளாங்கெட் சுற்றி, சொன்ன சூட்டில் சொன்ன நேரம் வைத்தால்தான் அது வெயிலில் இளகாமல் நிற்கும்.

சரி, உங்களிடம் நான் கேட்பது என்ன? பாடத்திட்டத்தை மாற்றுவது உங்கள் கையில் மட்டும் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் பிராக்டிகல் வகுப்பும் புராஜெக்ட்டும் உங்கள் கையில்தான் இருக்கின்றன.

2 மீட்டர் நீளத்தில் ஒரு பெட்டித்தண்டு. மேலும் கீழும் ஒரே திசை கிளாத், பக்கச் சுவரில் 45 டிகிரி கிளாத். மாணவர்களே மோல்டு செய்து, வாக்கூம் பம்ப் வைத்து ரெசின் இழுக்கட்டும். ஒரே மாதிரி மூன்று தண்டுகள் போதும். ஒன்றை அப்படியே விடுங்கள். இன்னொன்றில் மேலே கூடுதல் கிளாத். மூன்றாவதில் அதே எடைக் கிளாத்தை உள்ளே குறுக்குச் சுவராக வையுங்கள். மணல் மூட்டையை ஒவ்வொன்றாக ஏற்றி, ஒவ்வொரு மூட்டைக்கும் எவ்வளவு வளைந்தது, எவ்வளவு சப்பையானது என்று அளந்து, உடையும்வரை போகட்டும். எது எங்கே முதலில் விட்டுக்கொடுத்தது என்று அவர்களே எழுதட்டும். பிறகு உடைந்ததைச் சரிவு வைத்து ரிப்பேர் செய்து, மறுபடியும் உடைக்கட்டும். இதற்குப் பெரிய லேப் வேண்டாம்; உடைந்த துண்டு தெறிக்காமல் ஒரு தடுப்பும் பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம் வேண்டும். கிரைண்டிங் தூசிக்கு மாஸ்க், எபாக்சிக்கு நைட்ரைல் கையுறை என்பதை முதல் நாளே பழக்கிவிடுங்கள். எபாக்சி அலர்ஜி ஒருமுறை பிடித்தால் அந்தத் தொழிலையே விட வேண்டியிருக்கும்.

பொறியியல் கல்லூரிகளுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். உங்கள் மாணவர்கள் கம்ப்யூட்டரில் இறக்கையை வளைத்து, கலர் கலராகப் படம் எடுத்து புராஜெக்ட் சமர்ப்பிக்கிறார்கள். நல்ல வேலைதான். அந்தக் கணக்கைப் போட்ட பிள்ளையும், அதே தண்டை ஐ.டி.ஐ.யில் கையால் செய்த பிள்ளையும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். கணக்கில் பசைக்கோடு முழுதாக ஒட்டியிருக்கும். கையில் செய்ததில் எங்கேயாவது பசை பிடிக்காத இடம் இருக்கும். நாணயத்தால் தட்டினால் அந்த இடத்தில் சத்தம் மந்தமாகக் கேட்கும். பால்சா இருக்கும் இடத்தில் இயல்பாகவே சத்தம் வேறு, அதையும் காது பிரித்தறிய வேண்டும். தடித்த பட்டையின் ஆழத்தில் இருக்கும் குறை தட்டினால் தெரியாது. அதற்கு அல்ட்ராசோனிக் கருவி வேண்டும். தேசியக் காற்றாற்றல் நிறுவனம் சென்னை பள்ளிக்கரணையில்தான் இருக்கிறது, வேலூரிலிருந்து காலையில் பஸ் ஏறினால் மதியத்துக்குள் போய்விடலாம். நீங்கள் கடிதம் எழுதி மாணவர்களை அழைத்துப் போக முயன்று பாருங்கள்.

இன்னொன்று, தமிழில் ஒரு கையேடு. ரிப்பேர் தாள்கள் எல்லாம் ஆங்கிலத்தில் வருகின்றன. கயிற்றில் தொங்கிக்கொண்டு வேலை செய்பவன், கிளாத்தின் திசை எது, சரிவு எவ்வளவு, ரெசின் விகிதம் என்ன என்பதைத் தன் மொழியில் படித்துச் சரிபார்க்க முடிய வேண்டும். ஒவ்வொரு லேயர் போட்டதும் போட்டோ, ரெசின் டப்பாவின் தொகுதி எண், அன்றைய சூடு, பதப்படுத்திய நேரம் என்று எழுதிவைக்கும் தாளும் அதில் இருக்கட்டும். அடுத்து அந்த இறக்கையைத் திறந்து பார்ப்பவனுக்கு உள்ளே என்ன செய்யப்பட்டது என்று தெரிய வேறு வழி இல்லை. எழுதித்தர நீங்கள் முன்வந்தால், பட்டறைச் சொற்களைச் சரிபார்க்க நானும் என் பையன்களும் உட்காருகிறோம்.

ஸ்பார் கேப், வெப், பசைக்கோடு, பால்சா எல்லாம் தெரியும்படி குறுக்காக அறுத்த பழைய இறக்கைத் துண்டு ஒன்று என் பட்டறையில் இருக்கிறது. எந்தக் கல்லூரி கேட்டாலும் மினி லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கித் தருகிறேன். வாடகை வேண்டாம். மாணவர்கள் அதைத் தொட்டு, தட்டி, அளந்து பார்க்க அனுமதித்தால் போதும். வகுப்புகள் தொடங்கும் முன்பே கேட்டால், முதல் வாரத்திலேயே கொண்டுவந்துவிடுவேன்.

அன்புடன்,
வாலாஜாபேட்டையிலிருந்து ஒரு ஃபைபர் பட்டறைக்காரன்