வேன் குளியலறைச் சுருள் கதவு: நான்கு மாத அலைச்சல் போதும், பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: டிராவலர் வேனில் பொருத்திய 24 அங்குலச் சுருள் கதவு பழுதானது, ஓசூருக்கு வீணாக வரவழைத்தது, பணம் திரும்பக் கேட்பது தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்களுக்கு நான் எழுதும் ஐந்தாவது கடிதம் இது. முதல் நான்கையும் மின்னஞ்சலில் அனுப்பினேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு புகார் எண் வந்தது, உருப்படியான பதில் எதற்கும் வரவில்லை. அதனால் இதை ஸ்பீடு போஸ்டில் அனுப்புகிறேன். தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

முதலில் ஓசூர் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் எனக்கு வேறு எதுவும் எழுத ஓடவில்லை.

கதவைச் சுருட்டும் ஸ்பிரிங் ஜனவரியில் முறிந்துபோனது. பிப்ரவரி கடைசி வாரத்தில் உங்கள் கஸ்டமர் கேரிலிருந்து பேசிய பெண், "வண்டியோடு ஓசூர் சர்வீஸ் சென்டருக்கு வந்துவிடுங்கள் மேடம், ஸ்பிரிங் ஸ்டாக் இருக்கிறது, இரண்டு மணி நேர வேலைதான்" என்றார். மரியாதையாகத்தான் பேசினார், அவர்மேல் எனக்குக் குறை இல்லை. அவர் சொன்னதை நம்பி நானும் என் கணவரும் விடியற்காலை 4 மணிக்குக் கோவையிலிருந்து கிளம்பினோம். போக மட்டும் 300 கிலோமீட்டருக்கு மேல். டீசல், டோல் எல்லாம் எங்கள் கைக்காசு. அங்கே போய் நின்றால் ஸ்பிரிங்கும் இல்லை, நாங்கள் வருவது பற்றி ஒருவருக்கும் தகவலும் இல்லை. மதியம் 3 மணி வரை கேட்டுக்கு வெளியே வெயிலில் காக்க வைத்தார்கள். அப்புறம் நீலச் சட்டை போட்ட ஒருவர் காதில் போனோடு வந்தார். வண்டிக்குள் ஏறக்கூட இல்லை. படியில் ஒரு காலை வைத்து எட்டிப் பார்த்துவிட்டு, "வேன்ல எதுக்கு மேடம் குளிக்கிறீங்க? போற ஊர்ல லாட்ஜ் போட வேண்டியதுதானே?" என்றார்.

வேனில் குளிப்பதற்கென்றே கதவு செய்து விற்கும் நிறுவனத்தின் ஆள் கேட்கிற கேள்வியா இது? 32 வருடம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவள் நான். என்னிடம் யாரும் இப்படி எடுத்தெறிந்து பேசியதில்லை.

எதற்குக் குளிக்கிறோம் என்று கேட்டார் அல்லவா, சொல்கிறேன். என் மாமியாருக்கு 79 வயது. இடுப்பு எலும்பில் ஆபரேஷன் ஆனவர். மாடிப்படி ஏற முடியாது, ஈரத் தரையில் நிற்க முடியாது. சாகும் முன் நவக்கிரகக் கோயில் ஒன்பதையும் பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. குளிக்காமல் கோயிலுக்குள் கால் வைக்க மாட்டார். அதற்காகத்தான் என் பி.எஃப். பணத்தைப் போட்டுக் கரூரில் வண்டியின் பாடியை மாற்றிக் கட்டினோம். குளியலறைக்குக் கிடைத்த இடம் 2 அடிக்கு 3 அடி. வெளிப்பக்கம் திறக்கிற கதவு வைத்தால் நடைவழி அடைபட்டுப் போகும். திரை போட்டால் ஈரத்தோடு உடம்பில் ஒட்டிக்கொள்ளும், பாதித் தண்ணீர் வெளியே வரும். கதவு அப்படியே சுருண்டு ஓரத்துப் பெட்டிக்குள் போய்விடும் என்று உங்கள் வீடியோவில் காட்டினீர்கள். அதைப் பார்த்துத்தான் 38,400 ரூபாய் கொடுத்து நவம்பரில் வாங்கினேன்.

அந்தக் கதவு ஒரு மாதம்கூட ஒழுங்காக வேலை செய்யவில்லை. டிசம்பரில் வால்பாறை போனோம். மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் காந்தப் பட்டை பிடி விட்டுக் கதவு தானாகச் சுருண்டு போய்ப் பெட்டியில் 'டமால்' என்று மோதியது. ஓடுகிற வண்டிக்கான கதவு என்றால் வளைவில் திறக்காமல் நிற்க வேண்டாமா? போன் செய்து கேட்டதற்கு, "கயிறு போட்டுக் கட்டிக்கொள்ளுங்கள்" என்று பதில் வந்தது. சரி என்று கட்டிக்கொண்டோம். என் தவறு அதுதான். அன்றைக்கே திருப்பி அனுப்பியிருக்க வேண்டும்.

கதவு ஓடும் கீழ்ச் சேனலைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. தண்ணீர் வடிய நான்கு துளை, நான்கும் குளிக்கும் பக்கம் பார்த்து இருக்க வேண்டும் என்று உங்கள் பொருத்தும் குறிப்பிலேயே படம் இருக்கிறது. எனக்கு வந்த சேனலில் இரண்டே துளைதான். அவையும் நடைவழியைப் பார்த்து இருந்தன. ஒவ்வொரு முறை குளிக்கும்போதும் தண்ணீர் நேராகப் படுக்கைக்கு அடியில் போயிருக்கிறது. தரைப் பலகை ஊதி, மேலே ஒட்டிய வினைல் விரிப்பு பெயர்ந்து, இப்போது வண்டிக்குள் ஏறினாலே ஈர நாற்றம். இதைப் படம் எடுத்து அனுப்பினால், "பொருத்தியவர் தவறு" என்கிறீர்கள். துளை போட்டது கரூர்ப் பட்டறைக்காரரா? அவர் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்து, நீங்கள் சொன்ன இடைவெளியை மில்லிமீட்டர் பிசகாமல் விட்டுப் பொருத்தியவர். அவர்மேல் பழி போடுவதை என்னால் ஏற்க முடியாது.

இப்போது திருநள்ளாறு. இதை எழுத இன்னும் கை நடுங்குகிறது. ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, நல்ல கூட்டம். மாமியாரால் நள தீர்த்தத்தில் இறங்க முடியாது என்பதால், வேனிலேயே குளித்துவிட்டுத் தீர்த்தத்தைத் தலையில் தெளித்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. ஸ்டூலில் உட்கார்ந்து குளித்து முடித்தார். கதவை விலக்கினார். ஒரு சாண் நகர்ந்ததும் பெட்டிக்குள் ஏதோ முறிந்த சத்தம் கேட்டது. அதோடு நின்றுவிட்டது. உள்ளே தள்ளவும் முடியவில்லை, வெளியே இழுக்கவும் முடியவில்லை. அந்தச் சந்து வழியாகத்தான் துண்டைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டவர் என் மணிக்கட்டைப் பிடித்தார், விடவே இல்லை. விரல் நுனியெல்லாம் சுருங்கி, ஜில்லென்று இருந்தது. "பதறாதேம்மா, எனக்கு ஒண்ணுமில்லை" என்று எனக்குத்தான் தைரியம் சொன்னார். என் கணவர் மேல் மூடியின் ஸ்க்ரூவைக் கழற்றி, பட்டைகளைச் சேனலிலிருந்து பிய்த்து எடுக்க 25 நிமிடம் ஆனது. கழற்றிய பெட்டிக்குள் ஸ்பிரிங் இரண்டு துண்டாகக் கிடந்தது, பழுப்பாகத் துரு. இரண்டே மாதத்தில் துரு! எல்லா உலோகமும் துருப்பிடிக்காத எஃகு என்று அட்டைப்பெட்டியில் அச்சடித்திருக்கிறீர்கள்.

மாமியார் அன்றைக்குக் கோயிலுக்குள் போகவில்லை. வண்டியிலேயே படுத்துவிட்டார். ஆறு கோயில் பார்த்தாகிவிட்டது, மூன்று பாக்கி. இனி வேனில் குளிக்கவே மாட்டேன் என்கிறார். அவரிடம் போய் உங்கள் நீலச் சட்டைக்காரர் லாட்ஜ் போடச் சொல்லட்டும்.

ஸ்டிக்கர் விஷயத்தை விட்டுவிட்டேன். வாரண்டி பார்க்க வேண்டும், யூனிட் எண் ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்புங்கள் என்று மூன்று முறை கேட்டீர்கள். அந்த ஸ்டிக்கர் பெட்டியின் முதுகில், சுவரோடு சேர்ந்த பக்கம் ஒட்டியிருக்கிறது. பெட்டியை முழுதாகக் கழற்றினால்தான் தெரியும். நாங்களாகக் கழற்றினால் வாரண்டி செல்லாது என்றும் உங்கள் ஆட்களே சொல்கிறார்கள். அப்படியென்றால் நான் என்னதான் செய்ய வேண்டும்? உங்கள் பொருளில் எண் எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாதா? பில்லில் அதே எண் இருக்கிறது, பில்லை நான்கு முறை அனுப்பிவிட்டேன்.

கதவு 38,400. தரைப் பலகையும் விரிப்பும் மாற்றக் கரூரில் கேட்பது 46,000. ஓசூர் போய்வந்த செலவு, பாதியில் திரும்பிய யாத்திரை, நாங்கள் பட்ட மன உளைச்சல் எல்லாம் சேர்த்தால் எனக்கு நஷ்டம் 5 லட்சத்துக்குக் குறையாது. என் ஆயுள் சேமிப்பே அந்த வண்டிதான், அதையே நாசமாக்கிவிட்டீர்கள். ஆனாலும் 5 லட்சத்தை உங்களிடம் கேட்கவில்லை. கதவின் விலையையும் தரை மாற்றும் செலவையும் 15 நாட்களுக்குள் என் வங்கிக் கணக்குக்கு அனுப்புங்கள். ஓசூரில் பேசிய அந்த நபர் என் மாமியாரிடம் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். வேறு கதவு அனுப்புகிறோம் என்று மட்டும் சொல்லாதீர்கள், எனக்கு வேண்டாம்.

நிறுவனத்தில் நல்லவர்களும் இருப்பார்கள் என்று நம்பித்தான் இன்னும் கடிதம் எழுதுகிறேன். இதற்கும் பதில் இல்லையென்றால் 1915 எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் பதிவு செய்வேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நான் குடியிருக்கும் கோவையிலேயே வழக்குப் போடலாம், உங்கள் ஊருக்கு நான் வர வேண்டியதில்லை. இந்தத் தொகைக்கு ஆணையத்தில் கட்டணமும் கிடையாது. முறிந்த ஸ்பிரிங், துளை மாறிய சேனல், நீங்கள் அனுப்பிய ஒவ்வொரு குறுஞ்செய்தி எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். அங்கே போனால் 5 லட்சத்தையும் கேட்பேன்.

அந்த நிலைக்கு என்னைத் தள்ள வேண்டாம் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
கோயம்புத்தூர்

இணைப்பு: பில் நகல், படங்கள் 11, நான்கு புகார் எண்கள், ஓசூர் பயணத்தின் டோல் ரசீதுகள்.

பி.கு.: ஸ்பிரிங்கைப் பார்க்க வேண்டுமென்றால் ஆள் அனுப்புங்கள், காட்டுகிறேன். கூரியரில் அனுப்ப மாட்டேன். ஓசூருக்கும் இனி வரமாட்டேன்.